குரோம் மின்னணும்னா அடியில கருப்பு கண்ணாடி மாதிரி இருக்கணும்

பிளாஸ்டிக் மாடல் விமானம், கார் மேல மெட்டாலிக் பெயிண்ட் அடிச்சா உலோகம் மாதிரி மின்னாம சாம்பல் கலர்ல மந்தமா வருதுன்னு நிறைய பேர் பாட்டிலைத் திட்டறாங்க, ஆனா பெரும்பாலும் கோளாறு அடியில இருக்கற கோட்லதான்.

இந்த பெயிண்ட்ல இருக்கறது ரொம்ப மெல்லிசான உலோகத் துகள். மேற்பரப்பு வழவழன்னு இருந்தாதான் அதெல்லாம் படுத்த வாக்கில உட்காரும், மினுக்கில்லாத மேட் ப்ரைமர் (முதல் அடிக்கோட்) மேல கோணல்மாணலா நின்னு வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கும். துகளுக்கு நடுவுல புகுந்து போற வெளிச்சத்தை அடியில இருக்கற கருப்பு முழுங்கிடும், அதனால கண்ணுக்கு வர்றது துகள்ல பட்டுத் திரும்பற ஒளி மட்டும்தான்.

எல்லா மெட்டாலிக்குக்கும் இந்த கருப்பு கோட் தேவையில்ல. ஆல்கிளாட்ங்கற மெட்டாலிக் பெயிண்ட் கம்பெனியில குரோம், பாலிஷ்டு அலுமினியம் மாதிரி ஹை ஷைன் வகைக்கு பளபளக்கற கருப்பு (gloss black) கட்டாயம், அதே கம்பெனியோட சாதா அலுமினியம், ட்யூராலுமினியத்துக்கு நல்ல க்ரே ப்ரைமரே போதும். ரெண்டாம் உலகப் போர் கால பி-51 மஸ்டாங் போர் விமான மாடல் கட்டறவங்க கவனிங்க, நிஜ விமானத்துலயே இறக்கையில பட்டி போட்டு தேய்ச்சு சில்வர் பெயிண்ட்தான் அடிச்சிருந்தாங்க, பாடிதான் வெறும் உலோகம். அதனால பாடிக்கு மட்டும் கருப்பு, இறக்கைக்கு க்ரேன்னு அடிச்சா வித்தியாசம் தானாவே வந்துடும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜாயின்ட், கீறல் எல்லாத்தையும் 1000 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 2000 வரைக்கும் தண்ணி தொட்டு தேய்ச்சிடுங்க, ஏன்னா மேல மெட்டல் ஏறினதும் மயிரிழை கீறல் கூட பல்லை இளிக்கும். பட்டி வெச்ச இடத்துல நேரா கருப்பு அடிச்சா பெயிண்ட்டை உறிஞ்சிட்டு அங்க மட்டும் மங்கலா நிக்கும், அதனால முதல்ல ஒரு கோட் சர்ஃபேசர் (சின்னக் கீறலை அடைக்கற ப்ரைமர்) அடிச்சு அதையும் லேசா தேய்ச்சுக்கோங்க. அப்புறம் சோப்புத் தண்ணில கழுவி காயவெச்சு, அதுக்கப்புறம் கையுறை போடாம தொடவே தொடாதீங்க.

கருப்புக்கு தமியா கம்பெனியோட எக்ஸ்-1 இல்லன்னா எல்பி-1 பெயிண்ட், அதுல மிஸ்டர் லெவலிங் தின்னர்ங்கற கரைப்பானை ஒண்ணுக்கு ஒண்ணு கலந்தா போதும், தின்னர் மெதுவா ஆவியாகறதால பெயிண்ட் தானா பரவி சமமாகும். ஏர்பிரஷ்ல (காத்தழுத்தத்துல பெயிண்ட் தெளிக்கற கருவி) முதல்ல ரெண்டு தடவை புகை மாதிரி லேசா, சில நிமிஷம் விட்டு ஈரமா ஒரு கோட். ஈரம்னா வழியறதுக்கு ஒரு படி முன்னாடி நிக்கறது, அது கை பழகப் பழகத்தான் வரும். அடிச்சதும் சாய்ச்சுப் பிடிச்சு அதுல தெரியற விளக்கைப் பாருங்க, விளக்கோட ஓரம் கத்தி மாதிரி தெரிஞ்சா ஓகே, ஓரம் நெளிஞ்சா ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு (ஆரஞ்சு பீல்) விழுந்திருக்கு, ஏர்பிரஷ்ஷை ரொம்ப தூரத்துல பிடிச்சிருப்பீங்க இல்லன்னா தின்னர் பத்தல. தூசி விழுந்தா ஈரத்துல நோண்டாதீங்க, நல்லா காஞ்சப்புறம் மைக்ரோமெஷ் (ரொம்ப நைஸான பாலிஷ் தாள்) போட்டு தேய்ச்சா போயிடும்.

அடுத்து பொறுமை. குறைஞ்சது ஒரு நாள், எனாமல் கருப்புன்னா இன்னும் பல நாள். மூக்கு கிட்ட கொண்டு போங்க, வாசனை வந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம், அந்த நிலைமையில மேல ஆல்கிளாட் மாதிரி லாக்கர் (காரமான கரைப்பான் உள்ள பெயிண்ட்) மெட்டாலிக் அடிச்சா கருப்பு இளகி வெடிப்பு விடும்.

இப்போ மெட்டல். ஆல்கிளாட்டை நல்லா குலுக்கி, தின்னர் கலக்காம, காத்தழுத்தம் 12லிருந்து 15 பிஎஸ்ஐக்குள்ள, அஞ்சாறு சென்டிமீட்டர் தள்ளி மெல்லிசா மெல்லிசா. இங்கதான் முக்கால்வாசி பேர் கோட்டை விடறாங்க, கருப்பு முழுசா மறையற வரைக்கும் அடிச்சுட்டே இருப்பாங்க, குரோம் வெறும் சில்வரா மாறிடும். கொஞ்சம் இருட்டா, ஆழமா தெரியறப்பவே நிறுத்திடணும், பத்தலைன்னா காஞ்சதும் இன்னொரு தடவை. பெயிண்ட் ஆவியைத் தடுக்கற ஃபில்டர் வெச்ச மாஸ்க் போட்டுக்கோங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, லாக்கர் புகை நுரையீரலுக்கு ஆகாது.

குரோம் மேல க்ளியர் கோட் அடிச்சா மினுக்கு குறையும், அதனால டெக்கால் (மாடலோட வர்ற சின்ன ஸ்டிக்கர்) ஒட்டற இடம் தவிர மத்த இடத்துல நான் அடிக்கறதில்ல. மத்த கலர் அடிக்க மறைக்கற மாஸ்கிங் டேப்பை முதல்ல கையில ஒட்டி எடுத்து பசையைக் குறைச்சுட்டு ஒட்டுங்க. புது கருப்பு, புது மெட்டல் ஜோடின்னா மாடல் மேல போறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் முதுகுல அடிச்சுப் பாத்துடுங்க, அந்த வளைவுல ஷைன், வெடிப்பு ரெண்டும் தெரிஞ்சிடும்.