வண்ண ஜீப்ரா கிராசிங் கேட்கும் குழுக்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில், தெருமுனையில் வண்ண ஜீப்ரா கிராசிங், அதாவது கோடுகளுக்கு நடுவே நிறமோ படமோ பூசிய கிராசிங், வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்த அன்றே ஒருவர் லேப்டாப்பைத் திறந்து மயில் வரைய ஆரம்பித்துவிட்டார். அழகான மயில். தோகைக்கு என்ன நிறம் என்பதிலேயே மூன்று கூட்டம் போனது. நான்காவது கூட்டத்துக்கு வந்த நகராட்சிப் பொறியாளர் கேட்ட முதல் கேள்வி, "அந்த முனையில் இப்போது வெள்ளைக் கோடு இருக்கிறதா? ஸ்டாப் போர்டு இருக்கிறதா?" என்பது. இரண்டும் இல்லை. மனு அங்கேயே நின்றுவிட்டது.

இதுதான் எல்லாக் குழுவும் செய்கிற தவறு. படத்தில் ஆரம்பிக்கிறோம், தெருவில் ஆரம்பிக்க வேண்டும். ஜீப்ரா கிராசிங் என்பது முதலில் சிக்னல் மாதிரி ஒரு போக்குவரத்துக் குறியீடு. நடக்கும் பாதைக்கு எல்லையாக அதன் இரு ஓரத்திலும் ஓடும் வெள்ளைக் கோடுகள் சட்டத்துக்குச் சொந்தம், நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத்தான் நகராட்சி நமக்குத் தருகிறது. கோலத்துக்குப் புள்ளி மாதிரி, அந்தக் கோடுகள் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்த தவறு, நகராட்சி சரி என்றால் போதும் என்று நினைப்பது. சாலைக் குறியீடுகளுக்கு எம்யூடிசிடி என்ற தேசிய விதிப்புத்தகம் உண்டு, அதன் 11-ஆவது பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2011-இலேயே சொல்லிவிட்டது: வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே செங்கல் சிவப்பு, துரு, பழுப்பு, களிமண் போன்ற அடங்கிய மண் நிறங்கள் இருக்கலாம், ஆனால் அவை இரவில் விளக்கு பட்டு மின்னக் கூடாது, வெள்ளைக் கோட்டின் எடுப்பைக் குறைக்கக் கூடாது. 2013-இல் இன்னும் கடுமையாக, இப்படிப்பட்ட ஓவியம் நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் போலியான பாதுகாப்பு உணர்வைத் தரக்கூடும் என்றது. ஆக, வானவில் (தன்பாலினத்தவர், திருநர் போன்ற பால்புதுமையினரின் அடையாளம்) போன்ற பளிச்சென்ற வடிவங்களை நகரங்கள் தங்கள் பொறுப்பில்தான் போடுகின்றன. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரத்துக்கு 2019-இல் அந்த நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது, வானவில் கிராசிங்கை எடுக்கச் சொல்லி. நகர மன்றம் எடுக்க மறுத்தது. உங்கள் நகர மன்றம் அந்த மாதிரி நிற்குமா என்பதை மனு போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரோடு யாருடையது என்று பார்க்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில், பால்புதுமையினர் கூடும் பல்ஸ் என்ற இரவு விடுதியில் 2016 ஜூன் 12 அன்று 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக அருகே போடப்பட்ட வானவில் கிராசிங்கை 2025 ஆகஸ்டில் மாநிலப் போக்குவரத்துத் துறை ஓர் இரவில் கறுப்படித்து மறைத்தது. அது மாநிலச் சாலை, நகரத்தால் தடுக்க முடியவில்லை. காலையில் வந்த மக்கள் சாக்பீஸால் மறுபடி வண்ணம் தீட்டினார்கள். படிக்கும்போதே மனசு கனத்துப்போன செய்தி அது. அந்த ஆண்டு ஃப்ளோரிடாவிலும் டெக்சாஸிலும் மாநில அரசுகள் நகரத்துக்குச் சொந்தமான தெருக்களிலும் இவற்றை எடுக்கச் சொல்லி நெருக்கின. எனவே நகராட்சி, மாவட்டம், மாநிலம் மூன்றில் உங்கள் முனை யார் கையில் இருக்கிறது, மாநிலத்தின் இன்றைய நிலை என்ன, இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

"முதலில் போட்டுவிடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள், சியாட்டிலைக் காட்டுவார்கள். உண்மைதான், 2015-இல் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஆப்பிரிக்க அமெரிக்க மக்கள் அனுமதி இல்லாமல் கிராசிங்குகளில் தங்கள் அடையாளக் கொடியின் சிவப்பு, கறுப்பு, பச்சை பூசினார்கள், நகராட்சி அதை அழிக்காமல் நிரந்தரமாக்கி, மற்ற பகுதிகளும் கேட்கலாம் என்று ஒரு திட்டமே கொண்டுவந்தது. ஆனால் அது அந்த மக்களின் வரலாற்றுக்கும் அந்த நேரத்துக்கும் கிடைத்த பதில். பெரும்பாலான ஊர்களில் அனுமதி இல்லாத பூச்சு சட்டமீறல், ஒரு விபத்து நடந்தால் கேள்வி பூசியவர்களிடம்தான் வரும்.

இப்போது நிறம். கணினியில் வரையும்போது நாம் மேலிருந்து பார்க்கிறோம், பறவை பார்ப்பது போல. தெருவில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. மழை இரவில் ஒரு காரின் முன்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்: ஈரத் தாரில் எதிர் வண்டி விளக்குகள் நீளமாகக் கரைந்து கிடக்கும், நாம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த நீலமும் ஊதாவும் தாரோடு தாராகிவிடும், கண்ணாடி மணி கலந்த வெள்ளைக் கோடு மட்டும்தான் மின்னும். அந்தக் கோட்டை ஒட்டி வெளிர்மஞ்சளோ வெள்ளையோ பூசியிருந்தால் அந்தக் கோடும் பகலில் எடுபடாமல் மங்கிவிடும். ஒரு எளிய சோதனை உண்டு. வடிவத்தைக் கறுப்பு வெள்ளையாக அச்செடுத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், ஓரக் கோடு சட்டென்று தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். எழுத்து, சின்னம், கடைப் பெயர் எதுவும் வேண்டாம். பணம் தந்த கடைக்காரருக்கு நடைபாதை ஓரத்தில் ஒரு சிறு பலகை போதும்.

நாங்கள் எல்லோருமே மறந்த விஷயம் பார்வையற்றோர். லண்டனில் 2021-இல் மாற்றுத்திறனாளி அமைப்புகள் மேயருக்குத் திறந்த மடல் எழுதின, அதன் பிறகு நகரப் போக்குவரத்து நிர்வாகம் புதிய வண்ணக் கிராசிங் போடுவதையே நிறுத்திவைத்தது. வழிகாட்டி நாய்கள் வழக்கமான கோடுகளைப் பார்த்துப் பழகியவை, வண்ணக் கலவையில் குழம்பலாம். பார்வை மங்கியவருக்குக் கறுப்புப் பட்டை பள்ளம் போலத் தெரியும், கால் வைக்கப் பயப்படுவார். இவர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். வடிவம் முடிந்த பிறகு கூப்பிட்டால் அது மரியாதையே இல்லை.

பாதுகாப்புக்காகக் கேட்கிறோம் என்று எழுதுபவர்கள் புளூம்பெர்க் அறக்கட்டளையின் 2022 ஆய்வைக் காட்டுவார்கள். 17 இடங்களில், நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சிக்கும் விபத்து விகிதம் 50 சதவீதம் குறைந்தது என்றது அது. நல்ல எண்தான். ஆனால் அதில் சந்திப்பு முழுதும் வரைந்த ஓவியங்கள், நடைபாதை முனையை அகலப்படுத்திய இடங்கள் எல்லாம் சேர்ந்தே இருந்தன. அதை அப்படியே ஒரு ஜீப்ரா கிராசிங்குக்குச் சொன்னால் பொறியாளர் உடனே பிடித்துவிடுவார்.

கடைசியாகப் பணம். சியாட்டிலில் 2015-இல் கேபிடல் ஹில் பகுதியில் போட்ட 11 வானவில் கிராசிங்குகளுக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் 6,000 டாலர் ஆனது. சாதாரண பெயின்ட் மலிவு, ஆனால் சீக்கிரம் தேயும், மழையில் வழுக்கவும் செய்யும். சூடாக்கி ஒட்டும் தெர்மோபிளாஸ்டிக் விலை அதிகம், பல வருஷம் நிற்கும். தேய்ந்த பிறகு யார் புதுப்பிப்பது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தெருவுக்குப் புதுத் தார் எப்போது போடப்போகிறார்கள் என்றும் கேளுங்கள், அடுத்த வருஷமே என்றால் காத்திருப்பதுதான் சரி. குழாய் பதிக்கத் தோண்டுபவர்கள் திரும்ப மூடும்போது வெறும் தாரைத்தான் கொட்டுவார்கள், நடு வடிவத்தில் கறுப்பாக ஒரு சதுரம் நின்றுவிடும். முதல் ஆர்டரிலேயே ஒவ்வொரு நிறத்திலும் சில தெர்மோபிளாஸ்டிக் துண்டுகள் கூடுதலாக வாங்கி, யாராவது ஒருவர் வீட்டு கராஜில் வெயில் படாமல் எடுத்து வையுங்கள்.