பசிக்குதா என்று கேட்காதீர்கள்: ஆட்டிசமும் உடல் தரும் குறிப்புகளும்

மும்பை மாட்டுங்காவில் ஒரு வீடு. காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்ட பிள்ளைக்கு மதியம் இரண்டு வரை ஒன்றும் உள்ளே போகவில்லை. "பசிக்குதாடா கண்ணா?" "இல்ல." அரை மணியில் நோட்டு பறக்கிறது, ஒரே கத்தல். அதை அடம் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. பிள்ளை பொய் சொல்லவில்லை. பசி, தாகம், சிறுநீர், வலி, படபடப்பு இவற்றை உள்ளிருந்து உணர்வதை இன்டரோசெப்ஷன் என்பார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது மங்கலாக, தாமதமாக, இன்னதென்று பிரிக்க முடியாமல் வரும். பசி வெறும் எரிச்சலாகவே வெளியே தெரியும்.

ஆகவே கடிகாரத்தை நம்புங்கள். மூன்று மணி நேரத்துக்கொரு முறை தட்டு முன்னால் இருக்கட்டும், திணிக்க வேண்டாம். மும்பை புழுக்கத்தில் மணிக்கு நாலைந்து வாய் தண்ணீர். புறநகர் கல்யாணிலிருந்து மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. "ஒண்ணுக்கு வருதா?" என்றால் "வரலை"தான். "போயிட்டு வா, கிளம்பலாம்" என்பதே சரி.

"எப்படி இருக்கு?" என்ற கேள்வியும் வீண். தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாத நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு. உறுப்பைச் சொல்லிக் கேளுங்கள்: "வயிறு காலியா இருக்கா, இறுக்கமா இருக்கா?" பழக்குவதைக் கையிலிருந்து தொடங்கலாம். உள்ளங்கையில் பத்து விநாடி ஐஸ்கட்டி. "சில்லுன்னு இருக்கா, குத்துதா?" சொன்ன பதிலைத் திருத்தாதீர்கள். "தெரியலை" என்பதும் பதில்தான். கை பழகியபின் வயிறு, நெஞ்சு.

அழவில்லை, அதனால் வலி இல்லை என்று நினைப்பது ஆபத்தானது. திடீரென்று தலையை முட்டிக்கொண்டால், சாப்பாட்டை ஒதுக்கினால், தூக்கம் மாறினால், நடத்தைப் பிரச்சினை என்பதற்கு முன் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். "வலிச்சா இவனுக்குச் சொல்லத் தெரியாது டாக்டர்" என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் மங்கல் என்பதும் தவறு. சிலருக்கு நெஞ்சுத் துடிப்பு ஓயாமல் கேட்கும். அவர்களிடம் "மூச்சைக் கவனி" என்றால் பதற்றம் கூடலாம். சுவரை இரு கையால் தள்ளுவதோ நடப்பதோ உதவும். மூளை ஆய்வாளர் சாரா கார்ஃபிங்கிள் குழுவின் 2016 ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தங்கள் உடலை மிகவும் கவனிப்பதாகச் சொன்னார்கள். இதயத் துடிப்பை எண்ணச் சொன்னபோது கணக்கு தவறியது. நினைப்புக்கும் கணக்குக்கும் உள்ள அந்த இடைவெளி கூடக்கூடப் பதற்றமும் கூடியிருந்தது.

பெரியவர்களிடம் "முப்பது வயசாச்சு, பசி தெரியாதா?" என்று கேட்பதும் அதே தவறு. அலுவலகத்தில் போன் அலாரம் வைக்கும்போது "தாகமா?" என்று எழுதாமல் "தண்ணி குடி" என்றே எழுதி வையுங்கள்.