டிவிக்குப் பின்னால் இருக்கும் மினி பிசியில் பழைய கன்சோல் கேம் ஆடுவது எப்படி

படம் பார்க்க டிவியோடு ஒரு மினி பிசி மாட்டி வைத்திருந்தால் அதுவே போதும், கேமுக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் இருக்கும் பெட்டியை வைத்துச் சொல்கிறேன். 4 கோர், 6 வாட் சிப்தான், ஆனால் சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பிஎஸ்1, பிஎஸ்பி எல்லாம் அதற்குத் தூசு. பிஎஸ்2, கேம்கியூப் கேம்களில் பெரும்பாலானவை அவற்றின் ஒரிஜினல் ரெசல்யூஷனில் ஓடும், கனமான சில திணறும். பிஎஸ்3 ஆசையை விட்டுவிடுங்கள்.

விண்டோஸிலேயே எமுலேட்டர்களை (பழைய கன்சோல் போலவே நடந்து அதன் கேமை ஓட்டும் மென்பொருள்) ஒவ்வொன்றாகப் போடலாம், ஆனால் சோபாவில் உட்கார்ந்து பேடை மட்டும் கையில் வைத்து ஆடுவதற்கு அது ஒத்துவராது, ஏதாவது ஒரு விண்டோ குறுக்கே வந்து நிற்கும், கீபோர்டைத் தேடி எழுந்து போக வேண்டும். அதற்குப் பதிலாக, எமுலேட்டர்கள் எல்லாம் சேர்ந்தே வரும் பாட்டோசெரா என்ற இலவச லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி, மினி பிசியின் பயாஸ் செட்டிங்கில் செக்யூர் பூட் (Secure Boot) என்பதை அணைத்துவிட்டு அதிலிருந்தே பூட் செய்யுங்கள். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. படம் பார்க்க கோடி (Kodi) என்ற மீடியா பிளேயரும் அதிலேயே இருக்கிறது. பிடித்துப்போனால் அப்புறம் ஒரு எஸ்எஸ்டிக்கு மாறிக்கொள்ளலாம்.

கேம்களை உங்களிடம் இருக்கும் டிஸ்க்கிலிருந்தே எடுங்கள், பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க்குகளைச் சாதாரண டிவிடி டிரைவே படிக்கும். எடுத்ததை சிஎச்டி (CHD) என்ற சுருக்கிய ஃபைலாக மாற்றினால் இடம் நிறைய மிச்சம், ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஃபைல். பிஎஸ்2 எமுலேட்டருக்கு அந்தக் கன்சோலின் பயாஸ் ஃபைல் (கன்சோலைத் தொடக்கிவைக்கும் அதன் உள் மென்பொருள்) கட்டாயம் வேண்டும். பிஎஸ்பிக்குத் தேவையில்லை. எது இல்லை என்று பாட்டோசெராவின் மெனுவே காட்டிவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துக் குதிப்பது போலத் தோன்றினால் மினி பிசியைத் திட்டாதீர்கள், முதலில் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகளாலேயே சில டிவிகளில் 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதம் வரும். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால், பழைய 2டி கேம்களுக்கு, பாட்டோசெராவுக்குள் இருக்கும் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் ரன்-அஹெட் என்ற வசதி இருக்கிறது, கேமுக்கு உள்ளேயே இருக்கும் தாமதத்தை அது சில ஃப்ரேம் முன்கூட்டியே ஓட்டிக் கழித்துவிடும். எத்தனை ஃப்ரேம் வைப்பது என்று ஊகிக்க வேண்டாம். கேமை பாஸ் செய்து, குதிக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். மூன்றாவது ஃப்ரேமில் ஆள் அசைந்தால் கேமுக்கு உள்ளேயே 2 ஃப்ரேம் தாமதம் இருக்கிறது, 2 என்று வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் அசைவு தாவித் தாவித் தெரியும்.

வயர்லெஸ் பேட் விட்டு விட்டு வேலை செய்தால் பேட்டரியை மட்டும் சந்தேகப்படாதீர்கள். யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அது 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலில் இரைச்சலைக் கிளப்பும், பக்கத்திலேயே பேடின் டாங்கிளை (சிக்னல் வாங்கும் சின்ன யுஎஸ்பி துண்டு) செருகியிருந்தால் பேட் தடுமாறத்தான் செய்யும். ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளை டிவிக்கு முன்பக்கம் கொண்டுவந்து வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்ற பிஎஸ்2 டிஸ்க்குகள் பால் (PAL) என்ற டிவி முறைக்கானவை. அவற்றில் நிறைய கேம்கள் 50 ஹெர்ட்ஸில் ஓடும், டிவி 60-ல் இருந்தால் கேமரா திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டிப் போகும். கேமிலேயே 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேமுக்கு மட்டும் வீடியோ மோடை 50-க்கு மாற்றுங்கள். 4:3 படத்தை டிவி முழுக்க இழுக்காதீர்கள், ஆள் எல்லாம் குண்டாகத் தெரிவார்கள்.

சேவ் ஃபைல்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில்தான் சேரும், வீட்டு நெட்வொர்க்கில் லேப்டாப்பிலிருந்தே அதைத் திறக்கலாம். பென் டிரைவ் எப்போது வேண்டுமானாலும் மண்டையைப் போடும், அதனால் அந்த ஃபோல்டரை அவ்வப்போது காப்பி எடுத்து வையுங்கள்.