ஜியோஜீப்ராவில் கணிதம் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001-ஆம் ஆண்டில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தம் முதுநிலை ஆய்வுக்காகத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள், இன்று தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகள் வரை வந்திருக்கிறது. அதைக் கொண்டு நடத்தும் வகுப்புகளில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை, திரையில் தெரிவதை ஆசிரியரும் மாணவரும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வதால் விளைபவை.

சதுரம் வரையச் சொன்னால், மாணவர்கள் கட்டங்களைப் பார்த்து நான்கு புள்ளிகளை வைத்து இணைத்துவிடுவார்கள். பார்வைக்கு அது சதுரம்தான். ஆனால் ஒரு முனையை இழுத்தவுடன் உருவம் சிதைந்துவிடும். ஒரு பக்கத்தை வரைந்து, அதன் முனைகளில் செங்குத்துக் கோடுகளை எழுப்பி, அப்பக்கத்தையே ஆரமாகக் கொண்ட வட்டங்களால் அவற்றை வெட்டி அமைத்த உருவமோ, எவ்வளவு இழுத்தாலும் சதுரமாகவே இருக்கும். இழுத்துப் பார்க்காத எந்த வரைவுக்கும் மதிப்பெண் தரக்கூடாது என்பது என் கருத்து. நீலப் புள்ளிகள் தன்னிச்சையானவை, கருஞ்சாம்பல் புள்ளிகள் பிறவற்றைச் சார்ந்தவை என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், எதை இழுக்கலாம் என்ற குழப்பமும் தீரும்.

கோணங்களை அளக்கும்போது புள்ளிகளைத் தொடும் வரிசை முக்கியம். வரிசை மாறினால் 60 பாகைக்குப் பதிலாக 300 பாகை என்று வரும். மென்பொருள் பழுதாகிவிட்டது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள். மூன்று கோணங்களும் 50.12, 60.12, 69.75 எனக் காட்டப்பட்டால் கூட்டுத்தொகை 179.99 ஆகிவிடுகிறது. இதைக் கண்டு ஒரு மாணவர் கை உயர்த்தினால், 'அதெல்லாம் 180-தான்' என்று அடக்கிவிடுவது பெருந்தவறு. எண்கள் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கப்பட்டே காட்டப்படுகின்றன என்பதையும், நூறு முக்கோணங்களை அளந்தாலும் அது நிரூபணம் ஆகாது என்பதையும் விளக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. சைன் 30-ஐ உள்ளிடும்போது பாகைக் குறியை விட்டுவிட்டால் 0.5-க்குப் பதிலாக −0.99 வருவதும் இவ்வகையே. அங்கே 30 என்பது பாகையாக அல்லாமல், கோணத்தின் மற்றோர் அலகான ரேடியனாகக் கொள்ளப்படுகிறது.

இருபடிச் சார்புகளுக்கு மூன்று கெழுக்களையும் மூன்று ஸ்லைடர்களாக (நகர்த்தி மதிப்பை மாற்றும் கருவிகளாக) வைத்து, 'நகர்த்திப் பாருங்கள்' என்று விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சார்பின் வரைபடமான பரவளையம் துள்ளிக் குதிப்பதை மாணவர்கள் ரசிப்பார்கள். ஆனால் எந்தக் கெழு எதைச் செய்தது என்று பின்னர் கேட்டால் பதில் இராது. ஒரே ஒரு கெழுவை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு முன் என்ன நிகழும் என்பதை நோட்டில் எழுதச் செய்ய வேண்டும். குறிப்பாக நடு உறுப்பின் (எக்ஸ் உறுப்பின்) கெழுவை மாற்றினால் பரவளையம் இடமோ வலமோ மட்டும் நகரும் என்றே பெரும்பாலோர் ஊகிப்பார்கள். முனைப்புள்ளி செல்லும் வழியைத் திரையில் பதிக்கும் சுவடு வசதியை இயக்கிவிட்டு ஸ்லைடரை நகர்த்தினால், அது கிடைக்கோட்டில் செல்லாமல், எதிர்ப்புறம் திறக்கும் இன்னொரு பரவளையத்தின் மீது செல்வது தெரியும். அதை இயற்கணிதத்தால் காட்டச் சொல்வதிலிருந்துதான் பாடமே தொடங்குகிறது. ஊகம் எழுதாமல் ஸ்லைடரைத் தொட்ட மாணவருக்கு வியப்பும் இல்லை, கேள்வியும் இல்லை.

வரைபடத்தின் இரு அச்சுகளும் ஒரே அளவுத்திட்டத்தில் உள்ளனவா என்று பார்க்கத் தவறினால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், ஒன்றுக்கொன்று செங்குத்தான சாய்கோடுகள் செங்கோணத்தில் வெட்டாதவை போலத் தெரியும். எக்ஸின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்து, அதை எக்ஸ் கழித்தல் 1-ஆல் வகுத்த சார்பு, இடைவெளியற்ற நேர்கோடாகவே திரையில் காட்சியளிக்கும். எக்ஸ் 1 ஆகும்போது மதிப்பு என்னவென்று தனியே கேட்டால்தான், அங்கே சார்பு வரையறுக்கப்படவில்லை என்று தெரியவரும்.

பிறர் செய்து வைத்த கோப்பைத் தரவிறக்கி அப்படியே திரையிடும் ஆசிரியர்கள், அதில் விடை முன்பே காட்டப்பட்டிருக்கிறதா என்பதையாவது முந்தைய நாள் பார்த்துவிட வேண்டும். இருந்தால் அதை மறைத்து வைத்துவிட்டு, மாணவர்கள் ஊகத்தை எழுதி முடித்த பிறகே காட்டலாம்.