செயின்ட் லூயிஸின் மறைந்த இடங்களைப் பதிவு செய்வது எப்படி?

மிசிசிப்பி கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸில் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே "ஹைலேண்ட்ஸ்" என்ற கேளிக்கைப் பூங்கா வந்துவிடும், அடுத்து "அட்மிரல்" என்ற கப்பல். கேட்டதை அப்படியே எழுதி வைத்தால் போதாது. நினைவு நடந்ததைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லும், இடத்தையும் ஆண்டையும்தான் மாற்றிப் போடும். ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று கட்டங்கள் வையுங்கள்: எந்தத் தெருமுனை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள், இன்று அங்கே என்ன இருக்கிறது. இவற்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அது வெறும் குறிப்புதான், பதிவு ஆகாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "பழைய புஷ் ஸ்டேடியம்" என்றால் எது? கிராண்டும் டோடியரும் சந்திக்கும் முனையில் இருந்த ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க் 1953-இல் அந்தப் பெயரைப் பெற்றது. 1966 மே 12 அன்று டவுன்டவுனில் திறந்த வட்ட வடிவ மைதானத்துக்கும் அதே பெயர், 2006-இல் வந்ததற்கும் அதே பெயர். பேஸ்பால் பார்க்க டிராமில் போனதாக ஒருவர் சொன்னால் அது கிராண்ட் அவென்யூ மைதானமாகத்தான் இருக்கும். ஏனென்றால் நகரின் கடைசி டிராம் தடமான ஹோடியமான்ட் 1966 மே 21 அன்றே நின்றுவிட்டது. இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒன்பது நாள்தான். ஒருவர் ப்ரவுன்ஸ் அணி ஆடியதைப் பார்த்திருந்தால் காலம் இன்னும் பின்னால் போகும், அந்த அணி 1953 சீசனோடு பால்டிமோர் போய்விட்டது.

அட்மிரல் உல்லாசக் கப்பலுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கப்பல் நகர்ந்ததா, கரையில் கட்டியிருந்ததா?" ஸ்ட்ரெக்ஃபஸ் நிறுவனத்தின் இந்தக் கப்பல் 1940 முதல் 1979 வரை ஆற்றில் ஓடியது. பிறகு கரையோடு நின்றுவிட்டது, 1994-இல் சூதாட்ட அரங்கமானது, 2011-இல் உடைக்கப்பட்டது. மேல்தளத்தில் காற்று வாங்கியபடி ஆற்றில் சுற்றி வந்தவர் ஒரு தலைமுறை, ஸ்லாட் மெஷினில் காசு போட்டவர் வேறு தலைமுறை.

நேர்காணலில் பலர் செய்யும் தவறு, உட்கார்ந்ததுமே பழைய புகைப்படத்தை நீட்டுவது. படத்தைப் பார்த்த பிறகு அவர் சொல்வது தன் நினைவா, படத்தில் உள்ளதா என்று பிரிக்கவே முடியாது. முதல் அரை மணி நேரம் வெறும் பேச்சு. "ஹைலேண்ட்ஸ் ஞாபகம் இருக்கிறதா?" என்பதைவிட "வீட்டை விட்டுக் கிளம்பி எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? எங்கே இறங்குவீர்கள்? வாசலில் முதலில் காதில் விழுந்தது என்ன?" என்று வழியோடு நடத்திக் கூட்டிப் போங்கள். அதன்பின் வெள்ளைத்தாளில் அவரையே வரையச் சொல்லுங்கள். படம் கடைசியில்தான்.

வரைந்த தாளை அடுத்து சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். காங்கிரஸ் நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வழக்கமான அளவு ஓர் அங்குலத்துக்கு 50 அடி. இளஞ்சிவப்பு என்றால் செங்கல் கட்டடம், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். கறுப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் இந்த நிறங்கள் காணாமல் போகும், அதனால் வண்ண ஸ்கேனைத் தேடுங்கள். இன்னொரு பொறி: கட்டடம் மாறும்போது புதுத் தாளை வெட்டிப் பழையதன் மேல் ஒட்டிவிடுவார்கள். அட்டையில் 1908 என்று இருந்தாலும் உள்ளே இருப்பது பல ஆண்டுகள் பிந்திய நிலையாக இருக்கலாம். திருத்தத் தேதி இருக்கிறதா என்று முதல் பக்கங்களில் பாருங்கள்.

19-ஆம் நூற்றாண்டுக்கு காம்ப்டன், டிரை வெளியிட்ட 1875-ஆம் ஆண்டுப் பறவைப் பார்வை வரைபடம் இருக்கிறது, 110 தாள்கள். சன்னல் முதற்கொண்டு தெரியும், கண்கொள்ளாத வேலை. ஆனால் சாய்கோணத்தில் வரைந்தது, தூரம் அளக்க உதவாது.

தெருப் பெயரை நம்பி மட்டும் இருக்காதீர்கள். ஈஸ்டன் அவென்யூ 1972-இல் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் டிரைவ் ஆனது. நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பிளாக்குக்கும் நகரம் எண் கொடுத்திருக்கிறது, பெயர் மாறினாலும் கையில் எண் இருந்தால் இடத்தைத் தவற விடமாட்டீர்கள். பதிவில் அதையும் சேருங்கள். 1876-இல் நகரமும் அதைச் சுற்றியுள்ள கவுன்டி என்ற மாவட்டமும் நிர்வாகத்தில் பிரிந்துவிட்டன, எனவே இடம் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஆவணம் தேடினால் நாள் வீணாகும். 1939-இல் இடிக்கத் தொடங்கிய ஆற்றங்கரை 40 பிளாக்குகளுக்கு, இன்றும் நிற்கும் பழைய கதீட்ரலையும் பழைய நீதிமன்றத்தையும் நங்கூரமாக வைத்து மற்றவற்றைப் பொருத்துங்கள்.

காகிதப் பொருள்களின் காலத்தைக் கணிக்க முகவரியே போதும். "செயின்ட் லூயிஸ் 10, மிசௌரி" என்று நகரப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால் 1943-க்குப் பின் அச்சானது. ஐந்திலக்க ஜிப் கோடு 1963 ஜூலை 1-இல் வந்தது. ஃபாரஸ்ட் பார்க் ஹைலேண்ட்ஸ் தீப்பிடித்தது அதே ஜூலை 19. ஆகவே ஜிப் கோடு அச்சிட்ட "ஹைலேண்ட்ஸ் டிக்கெட்" யாராவது விற்க வந்தால் சந்தேகப்படுங்கள், பிற்கால நினைவுப் பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூங்கா இருந்த ஓக்லேண்ட் அவென்யூ இடத்தில் இன்று சமுதாயக் கல்லூரி. அங்கிருந்த, டென்ட்ஸல் நிறுவனம் செய்த குதிரை ராட்டினம் செஸ்டர்ஃபீல்டின் ஃபாஸ்ட் பார்க்கில் இருக்கிறது, குதிரைகளை நேரில் பார்த்துச் சரிபார்க்கலாம்.

விளையாட்டுகளைப் பதிவு செய்வது கட்டடத்தைவிடக் கடினம். பேஸ்பாலின் உள்ளூர் வடிவமான கார்க்பாலை எடுத்துக்கொள்ளுங்கள்: பேஸ்பாலைவிடச் சிறிய பந்து, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மட்டை, ஆட்டக்காரர் ஓடுவதே கிடையாது. அடி விழுந்தால் கற்பனை ஆட்டக்காரர்தான் பேஸ் நகர்வார். மதுக்கடைக்குப் பக்கத்தில் கம்பி வலைக் கூண்டு கட்டி ஆடினார்கள். இன்றும் ஆடும் கிளப்புகள் உண்டு, ஆனால் பேட்டைக்குப் பேட்டை மாறிய விதிகள்தான் மறைகின்றன. பந்தின் சுற்றளவை டேப்பாலும் எடையைச் சமையலறைத் தராசாலும் அளந்து எழுதுங்கள். எத்தனை ஸ்டிரைக்குக்கு அவுட், கூரையில் பட்டால் என்ன கணக்கு என்று கேளுங்கள். "ஜாலியாக ஆடினோம்" என்பதை வைத்து யாரும் ஆடிப் பார்க்க முடியாது. துடைப்பக் குச்சியால் பாட்டில் மூடியை அடித்த தெரு ஆட்டத்துக்கும் இதே முறைதான்.

யார் உள்ளே போக முடிந்தது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஸ்ட்ரெக்ஃபஸ் கப்பல்களில் கறுப்பின மக்களுக்குத் திங்கள் இரவு மட்டும் என்றிருந்த காலம் உண்டு. ஃபேர்கிரவுண்ட் பார்க் நீச்சல் குளத்தை எல்லோருக்கும் திறந்தபோது 1949 ஜூன் 21 அன்று கலவரம் நடந்தது. சுமார் 20,000 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வாழ்ந்த மில் க்ரீக் வேலியை 1959-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து வந்தவர்களிடம் பேசாமல் செய்த தொகுப்பு பாதி நகரத்தின் தொகுப்புதான்.

படங்களை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள், 35 மிமீ ஸ்லைடுக்கு 3,000-க்குக் குறையக் கூடாது. பின்பக்கத்தையும் மறக்காதீர்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். குரல் பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். ஃப்ரிட்ஜ் சத்தம் பேச்சை விழுங்கும், வேறு அறைக்குப் போய்விடுங்கள். பயன்படுத்த அனுமதி தரும் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள், பிறகு வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். சேகரித்ததைக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போது, கப்பல், ஆறு சம்பந்தப்பட்டவை என்றால் மெர்கன்டைல் நூலகத்தை முதலில் அணுகுங்கள். 1986-இல் நின்றுபோன குளோப்-டெமாக்ரட் நாளிதழின் கத்தரிப்புகளும் அங்கேயே இருப்பதால், கொடுக்கப் போன நாளிலேயே உங்கள் தேதிகளையும் சரிபார்த்து வரலாம்.