ஏலத்தில் எடுத்த மிலிட்டரி லாரியா? தொப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள்

பழைய ராணுவ லாரி மலிவாகக் கிடைத்துவிட்டால் அன்றைக்கே ஓட்டிவரக் கை துறுதுறுக்கும். பிரேக்கில் சந்தேகமா, வேண்டவே வேண்டாம். தட்டு தாழ்வாக இருக்கும் லோ பெட் டிரெய்லரில் ஏற்றிவிடுங்கள். வாடகை உறைக்கத்தான் செய்யும். ஆனால் தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும் வண்டி தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டுமே! நல்ல பிரேக் உள்ள லாரிகளே அங்கே திணறுகின்றன.

"கயிறு கட்டி இழுத்துக்கலாம்ணே" என்பார்கள். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக் வண்டியில், இன்ஜின் ஓடாவிட்டால் கம்ப்ரசர் காற்று ஏற்றாது. இருக்கிற காற்றும் தீர்ந்தால் பிரேக் பிடிக்காமல் பின்வண்டி முன்வண்டியின் முதுகில் போய் நிற்கலாம்.

ஏர் பிரேக் வண்டியானால் வாங்கிய இடத்திலேயே ஒரு சோதனை. முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காற்றை நிரப்பி, இன்ஜினை அணைத்து, பெடலை மிதித்தபடியே மீட்டரைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் ஏர் டேங்கின் அடியில் தண்ணீரும் தேங்கியிருக்கும், அதைத் திறந்துவிடுங்கள்.

டிரெய்லரில் ஓட்டி ஏற்றாதீர்கள், வின்ச் போட்டு இழுங்கள். நான்கு மூலையிலும் சங்கிலி கட்டுங்கள். மிலிட்டரி லாரி சாதாரணமாகவே உயரம். டிரெய்லர் மேல் ஏறியபின் மொத்த உயரத்தை அளந்துவிட்டுக் கிளம்புங்கள். உயரம் மிஞ்சினால் ஊர்ப்பக்கத்து ரயில்வே பாலம் வழிவிடாது.