செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்): நகைப் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கல்லைக் கீழே போடுவது, கோணலாகப் பதிப்பது எல்லாம் கை பழகினால் தானே போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கல்லைக் கழற்றாமல் பற்றவைப்பது

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டும். கல்லைக் கழற்றி மறுபடி பதிக்கச் சோம்பல். ஈரத்துணியைச் சுற்றிவிட்டால் போதும் என்று ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பெண் தன் பாட்டியின் வெள்ளி மோதிரத்தைக் கொடுத்திருந்தார். பற்றாசு (இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவை) உருகி ஓடுகிறதா என்று இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி காய்ந்ததைக் கவனிக்கவில்லை. ஆறிய பிறகு பார்த்தால், கத்தரிப்பூ நிறத்தில் இருந்த கல் வைக்கோலாக வெளிறிக் கிடந்தது. ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் வேறு.

செவ்வந்திக்கல் குவார்ட்ஸ் வகைதான். உள்ளே சிறிதளவு இரும்பு கலந்திருக்க, பூமிக்கடியில் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டு வந்த ஊதா அது. 400 டிகிரி செல்சியஸை ஒட்டியே அந்த நிறம் கலையத் தொடங்கிவிடும். வெள்ளிப் பற்றாசு உருகவோ 600க்கு மேல் வேண்டும். சிட்ரின் என்று விற்கப்படும் மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை இப்படிச் சுட்ட செவ்வந்திக்கற்களே. அந்தக் கற்களைச் சுடுபவர்கள் சூளையில் தெரிந்து செய்வதை நான் மோதிரத்திலேயே தெரியாமல் செய்திருந்தேன்.

அந்தப் பெண் திட்டவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாட்டியுடையது இல்லையே" என்றார். வேறு கல் பதித்துக் கொடுத்தேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

வெயில்

நாள்பட்ட வெயிலில் நிறம் மங்கும். காட்சிப்பெட்டி ஜன்னலோரம் வேண்டாம்.

உலர்ந்த துணியால் துடைப்பது

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் இதன் கடினம் 7. தூசியில் கிடக்கும் மணல்துகளும் குவார்ட்ஸ்தான், அதே கடினம்; உலரத் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசுங்கள்.

அரிய கல் என்று சொல்லி விற்பது

ஒரு காலத்தில் அரிதுதான். மாணிக்கம், மரகதத்துக்கு இணையாக வைத்தார்கள். கிறிஸ்தவ ஆயர்களின் (பிஷப்களின்) மோதிரங்களிலும் இடம்பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் பெரும் படிவுகள் கிடைத்ததும் விலை சரிந்தது. அணிந்தால் போதை ஏறாது என்று நம்பிய கிரேக்கர்கள் 'போதையேறாதது' என்ற பொருளில் அமெதிஸ்ட் என்றார்கள். அந்தக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், அதற்கும் சேர்த்துக் காசு வாங்காதீர்கள்.

லென்ஸை மட்டும் நம்புவது

ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் குவார்ட்ஸ்தான்; லென்ஸில் பார்த்து மட்டும் பிரித்துவிட முடியாது. ஒரு மாசும் இல்லாமல், எங்கும் ஒரே ஊதாவாக இருந்தால் ரத்தினச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். அங்கேயே சில கற்களை இயற்கையா, வளர்த்ததா என்று சொல்லத் தயங்குகிறார்கள்.